6. சுவர் சுவிட்சும் வேலை செய்ய வேண்டும்

பாளையங்கோட்டை வீட்டு ஹாலில் முதல் ஸ்மார்ட் பல்பை மாட்டிய அன்று இரவே அது படுத்துவிட்டது. ஆப்பைத் திறந்தால் ‘ஆஃப்லைன்’ என்றது. பல்பில் ஒரு கோளாறும் இல்லை. அம்மா படுக்கப் போகும்முன் வழக்கம்போல் எல்லாச் சுவிட்சையும் அணைத்துவிட்டுப் போயிருந்தார்கள். நாற்பது வருடப் பழக்கம். ஆளில்லாத அறையில் சுவிட்ச் போட்டபடி கிடந்தால் எங்கள் அம்மாவுக்குத் தூக்கம் வராது. அதைத் தப்பென்று நான் எப்படிச் சொல்வேன்?

ஸ்மார்ட் விளக்கு பற்றி என்னிடம் யோசனை கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேரின் குறை இதுதான். ஸ்மார்ட் பல்புக்குள் ஒரு சின்ன ரேடியோ இருக்கிறது. பல்பு அணைந்திருக்கும்போதும் அந்த ரேடியோ விழித்திருந்தால்தான் உங்கள் ஃபோன் சொல்வது அதன் காதில் விழும். சுவர் சுவிட்சை அணைத்தால் ரேடியோவும் செத்துப்போகும். விழித்திருப்பதற்கு அது இழுக்கும் மின்சாரம் அரை வாட்டை ஒட்டி இருக்கும். வருடம் முழுக்கக் கணக்குப் போட்டால் பல்புக்கு நான்கு யூனிட் சொச்சம். செலவு பெரிதல்ல, பழக்கம்தான் பெரிது.

அதனால் கடைக்குப் போகும்முன் ஒரே ஒரு முடிவை எடுங்கள்: புத்தியைப் பல்பில் வைப்பதா, சுவிட்சில் வைப்பதா? நீங்கள் மட்டும் புழங்கும் படிப்பு மேசை விளக்கு, கட்டிலோர விளக்கு, நிறம் மாற வேண்டிய டிவி மூலை, இவற்றுக்குப் பல்பு போதும். வாடகை வீடென்றாலும் பல்புதான். காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போகலாம். ஹால், சமையலறை, வராந்தா என்று பலரும் புழங்கும் இடத்துக்குச் சுவிட்சுப் பெட்டிக்குள் ஒளிந்திருக்கும் ரிலே மாட்யூல்தான் சரி. பழைய சுவிட்ச் அப்படியே இருக்கும். பல்பும் பழைய சாதாரண எல்.இ.டி.யாகவே இருக்கலாம். வைஃபை போனாலும், ஃபோன் தொலைந்தாலும், ஊரிலிருந்து வந்த பெரியம்மா தட்டினாலும் விளக்கு எரியும். எரியாத ஏற்பாட்டை நான் யாருக்கும் செய்து கொடுப்பதில்லை.

பெட்டியைத் திறந்தால்

எலக்ட்ரீஷியன் வரும்போது பக்கத்தில் நில்லுங்கள். மெயினில் அந்தப் போர்டுக்கான எம்.சி.பி.யை இறக்கிவிட்டு, டெஸ்டரை வைத்துப் பார்த்த பிறகுதான் பலகையைக் கழற்ற வேண்டும். எங்கள் ஹால் போர்டைத் திறந்தபோது உள்ளே இருந்தது இது: சிவப்பில் இரண்டு, மஞ்சளில் ஒன்று, கறுப்பில் ஐந்து வயர். கறுப்பில் மூன்று, விளக்குக்கும் ஃபேனுக்கும் போகும் சுவிட்ச் வயர்கள். விதிப்படி கறுப்பு நியூட்ரலுக்கு. ஆனால் வீடு கட்டிய அன்று கையில் எந்த ரோல் இருந்ததோ அதையே இழுத்திருக்கிறார்கள். நிறத்தை நம்பி வேலை செய்யாதீர்கள். ஒவ்வொன்றையும் சோதித்து, வெள்ளை டேப்பில் எழுதி ஒட்டிய பிறகு தொடங்கச் சொல்லுங்கள். அரைமணி நேரம் கூடும். கூடட்டும்.

மாட்யூலுக்கு ஃபேஸ், நியூட்ரல் இரண்டும் வேண்டும். நம் பக்கத்து வீடுகளில் பெரும்பாலான போர்டுகளில் ஒரு பிளக் பாயிண்டும் சேர்ந்தே இருப்பதால் நியூட்ரல் அங்கேயே கிடைத்துவிடும். சிக்கல் வருவது தனிச் சுவிட்ச் மட்டும் இருக்கும் இடங்களில்: குளியலறை வாசல், மாடிப்படி. எங்கள் மாடிப்படி டூ-வே பெட்டியைத் திறந்துவிட்டு எலக்ட்ரீஷியன் சொன்னார், “அண்ணாச்சி, இதுல நியூட்ரலே கிடையாது. பக்கத்து போர்டுல இருந்து ஒண்ணு எடுத்துக்கிடவா?” வேண்டாம் என்றேன். ஃபேஸ் ஒரு சர்க்கியூட்டிலிருந்தும் நியூட்ரல் இன்னொன்றிலிருந்தும் வந்தால், இரண்டும் ஒரே ஆர்.சி.சி.பி.யின் கீழ் இல்லாத வீட்டில் அது அடிக்கடி டிரிப் ஆகும். போன மின்சாரமும் திரும்பிய மின்சாரமும் சமமா என்று பார்ப்பதுதானே அதன் வேலை. அதைவிட ஆபத்தான குறுக்குவழி ஒன்றுண்டு. எர்த்தையே நியூட்ரலாகப் பயன்படுத்துவது. எர்த் எங்காவது அறுந்தால் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் உடம்பெல்லாம் மின்சாரம் ஏறி நிற்கும். யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். வயர் போகும் குழாய் அடைபடாமல் இருந்தால் அதே சர்க்கியூட்டின் நியூட்ரல் ஒன்றை ஸ்பிரிங் விட்டு இழுத்துவிடலாம். முடியாவிட்டால் அந்த விளக்கைப் பழையபடி விட்டுவிடுங்கள்.

இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரே போர்டில் இரண்டு ஃபேஸ் வந்திருக்கலாம்: விளக்குக்கும் ஃபேனுக்கும் இன்வெர்ட்டர் லைன், பிளக் பாயிண்டுக்கு நேரடி இ.பி. லைன். மாட்யூலை இ.பி. ஃபேஸில் கொடுத்துவிட்டால், இன்வெர்ட்டர் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே ஹால் இருட்டாகிவிடும். நியூட்ரலும் இன்வெர்ட்டர் லைனுக்கு உரியதாகவே இருக்க வேண்டும்.

பழைய சுவிட்சின் இரண்டு முனைகளிலிருந்தும் தனி வயர்கள் மாட்யூலின் சுவிட்ச் முனைகளில் சேரும். அதன்பிறகு ஆப்பில் சுவிட்ச் வகை என்ற அமைப்பைப் பாருங்கள். நம் வீட்டுச் சாதாரண சுவிட்சுக்கு, ஒவ்வொரு தட்டுக்கும் நிலை மாறும்படி வையுங்கள். ஃபோனில் அணைத்த விளக்கைச் சுவரில் போடும்போது சுவிட்ச் மேலே இருந்தால் கீழே வரும், கீழே இருந்தால் மேலே போகும். ‘கீழே இருந்தால் எரிகிறது’ என்ற கணக்கு இனி நிற்காது. அம்மாவிடம் நான் சொன்னது, “எப்படி இருந்தாலும் ஒரு தட்டு தட்டுங்க” என்பதுதான். இரண்டு நாளில் கை பழகிவிட்டது.

ஃபேனுக்கு ஃபேனுக்கென்றே செய்த மாட்யூல் வாங்குங்கள். விளக்கு டிம்மரை ஃபேனுக்குக் கொடுத்தால் உறுமும். கீசரை இந்தச் சின்ன மாட்யூல்களில் மாட்டவே கூடாது. ஸ்மார்ட் பல்பைப் பழைய டிம்மர் வழியாகவும் கொடுக்காதீர்கள், சிமிட்டும், சீக்கிரம் கெடும். ஹோல்டரையும் பார்த்து வாங்குங்கள். நம் வீடுகளில் பெரும்பாலும் பின் ஹோல்டர், அதாவது பி22. தொங்கு விளக்குகளிலும் மேசை விளக்குகளிலும் திருகு மாதிரியான இ27 இருக்கும். முழுக்க மூடிய கண்ணாடிக் கூண்டுக்குள் ஸ்மார்ட் பல்பு போட்டால் உள்ளே சூடு தேங்கி, எல்.இ.டி.க்கு முன்பே அதன் ரேடியோவும் சர்க்கியூட்டும் போய்விடும்.

வைஃபையில் சேர்ப்பது

பல்பை மாட்டும்முன் அதன் உடம்பைத் திருப்பிப் பாருங்கள். மேட்டர் முத்திரை உள்ள பொருளென்றால் கியூஆர் கோடு பெரும்பாலும் பல்பின் மேலேயே அச்சாகியிருக்கும். 2022 அக்டோபரில் வெளியான மேட்டர் என்ற இந்தப் பொதுமொழியால் ஒரே பல்பை ஆப்பிள், கூகுள், அமேசான் எந்த ஆப்பிலும் சேர்க்க முடிகிறது. ஆனால் அந்தக் கோடு இல்லாமல் புதிதாகச் சேர்க்க முடியாது. பல்பு கூரையில் ஏறிய பிறகு ஏணி போட்டு எட்டிப் பார்ப்பதைவிட, இப்போதே ஒரு படம் எடுத்து, அறையின் பெயரோடு சேர்த்து வைத்துவிடுங்கள்.

முதலில் ஒரு மேசை விளக்கில் மாட்டி, ரௌட்டர் இருக்கும் அறையிலேயே சேர்த்துப் பாருங்கள். அங்கே சேர்ந்து, கூரையில் போனபின் அறுந்தால் அது சிக்னல் பிரச்சினை. அங்கேயே சேராவிட்டால் பெரும்பாலும் அலைவரிசைதான் காரணம். விலை குறைந்த வைஃபை பல்புகள் ஏறக்குறைய எல்லாமே 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் பேசும். உங்கள் ஃபோனோ வேகமான 5 கிகாஹெர்ட்ஸில் உட்கார்ந்திருக்கும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்த ரௌட்டரில், சேர்க்கும் நேரத்துக்கு மட்டும் 5-ஐ நிறுத்திவையுங்கள். சேர்ந்த பின் மறுபடி போட்டுக்கொள்ளலாம். பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும் என்றிருந்தால், டபிள்யூபிஏ2-வையும் ஏற்கும்படி மாற்றுங்கள். விருந்தினருக்கான தனி வைஃபையில் சேர்க்காதீர்கள். அதில் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி பல ரௌட்டர்கள் தடுத்துவிடும்.

ஃபோன் பக்கமும் சில தடைகள் உண்டு. ஆண்ட்ராய்டில் இருப்பிட அனுமதி கொடுக்காவிட்டால் ஆப்பால் அருகிலுள்ள வைஃபையைத் தேட முடியாது. ‘விளக்குக்கு எதற்கு என் இருப்பிடம்’ என்று மறுத்துவிட்டு மணிக்கணக்கில் போராடியவர்களைப் பார்த்திருக்கிறேன். சேர்க்கும்போது மொபைல் டேட்டாவையும் விபிஎன்னையும் அணைத்துவையுங்கள்.

சேர்க்கும் நிலைக்குப் பல்பைக் கொண்டுவர, சுவிட்சை வேகமாக மூன்று முதல் ஐந்து முறை போட்டு அணைக்க வேண்டும். எத்தனை முறை என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், பெட்டியில் உள்ள தாளில் இருக்கும். பல்பு படபடவென்று சிமிட்டத் தொடங்கினால் தயார்.

பின்னால் ரௌட்டரை மாற்ற நேர்ந்தால், புதியதற்கும் பழைய வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் ஓர் எழுத்து பிசகாமல் வையுங்கள். வீட்டில் உள்ள அத்தனை விளக்கும் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். இணைப்புக் கொடுக்க வருகிறவர் புதுப் பெயர் போட்டுவிட்டுப் போய்விடுவார். அவர் வாசல் தாண்டும்முன் இதைச் செய்யச் சொல்லுங்கள். இருபது பல்பை ஒவ்வொன்றாகச் சேர்த்தவனாகச் சொல்கிறேன்.

கரண்ட் போய்வந்த இரவு

ஐப்பசி அடைமழையில் ஓர் இரவு. இரண்டு மணிக்கு அம்மா வந்து எழுப்பினார்கள். “எய்யா, என் ரூம் லைட்டு அணையவும் எரியவுமா இருக்கு. எங்கேயும் கரண்டு கசியுதோ என்னமோ?” போய்ப் பார்த்தால் இருட்டில் பல்பு படபடவென்று வெட்டிக்கொண்டிருந்தது. கசிவு இல்லை. மழையில் கரண்ட் போய், வந்து, போய், வந்து என்று நாலு தடவை விளையாடியிருக்கிறது. அம்மா அறை விளக்கு அப்போது இன்வெர்ட்டர் லைனில் இல்லை. நாலு தடவை போய்வந்ததை, யாரோ சுவிட்சைத் தட்டி ‘புதிதாகச் சேர்’ என்று கட்டளையிட்டதாகப் பல்பு எடுத்துக்கொண்டது.

நம் ஊரில் இது நடந்தே தீரும். கரண்ட் அடிக்கடி வெட்டும் பகுதியில் இருக்கிறீர்கள் என்றால், பொத்தானை அழுத்திப் பிடித்தால் மட்டும் புதுநிலைக்குப் போகும் மாட்யூலே நிம்மதி. சில ஆப்களில், சுவிட்ச் தட்டிப் புதுநிலைக்குக் கொண்டுபோகும் வழியை அடைத்துவைக்கும் அமைப்பும் உண்டு, தேடிப் பாருங்கள். ஏற்கெனவே சிமிட்டத் தொடங்கிவிட்டால் சுவிட்சை அணைத்துச் சில நிமிடம் விட்டு ஒரே ஒரு முறை போடுங்கள். சில பல்புகள் பழைய இணைப்புக்குத் திரும்பிவிடும். திரும்பாவிட்டால் மறுபடி சேர்க்க வேண்டியதுதான். அப்போது ஆப்பிலிருந்து பழைய பெயரை நீக்க வேண்டாம். நீக்காமல் சேர்த்தால் பல ஆப்களில் பெயரும் நேர அமைப்புகளும் அப்படியே கிடைத்துவிடும்.

இதோடு ஒட்டியது, கரண்ட் திரும்பியதும் விளக்கு எந்த நிலையில் இருக்க வேண்டும் என்ற அமைப்பு. எரியட்டும், அணைந்திருக்கட்டும், முன்பிருந்த நிலை என்று மூன்று தேர்வு இருக்கும். வாங்கும்போது பல பல்புகளில் ‘எரியட்டும்’ என்றிருக்கும், அதனால்தான் நள்ளிரவில் கரண்ட் வந்ததும் வீடே பளிச்சென்று விழிக்கிறது. எரிச்சலில் ‘முன்பிருந்த நிலை’க்கு மாற்றுவீர்கள். மறுநாள் புதுச் சிக்கல். ஃபோனில் அணைத்த பல்பை யாராவது சுவர் சுவிட்சில் எத்தனை தடவை போட்டு அணைத்தாலும் எரியாது. முன்பு அணைந்திருந்தது, இப்போதும் அணைந்தே இருக்கிறது. ஃபோன் இல்லாத பெரியவர் இருட்டில் நிற்பார். ஆகவே பல்பாக இருந்தால், பிறர் புழங்கும் அறையில் ‘எரியட்டும்’; நீங்கள் மட்டும் தூங்கும் அறையில் ‘முன்பிருந்த நிலை’. மாட்யூலென்றால் ‘அணைந்திருக்கட்டும்’ என்று தயங்காமல் வைக்கலாம், சுவர் சுவிட்ச் எப்போதும் கைவசம் இருக்கிறது.

ரௌட்டரை இன்வெர்ட்டர் பாயிண்டில் கொடுத்த பிறகும் கரண்ட் போகும்போது விளக்குகள் ‘ஆஃப்லைன்’ ஆகிறதா? இன்வெர்ட்டர் மாறும் அந்தக் கண்ணிமைப்பில் ரௌட்டர் அணைந்து புதிதாகத் தொடங்குகிறது. பல இன்வெர்ட்டர்களில் யூபிஎஸ் மோடு என்ற பொத்தான் இருக்கும், அதைப் போட்டால் வேகமாக மாறும். இல்லையென்றால் ரௌட்டருக்கென்றே கிடைக்கும் 12 வோல்ட் சின்ன யூபிஎஸ் ஒன்று வாங்கிவிடுங்கள்.

இன்டர்நெட் மட்டும் அறுந்து, வைஃபை இருக்கும்போது என்ன ஆகும் என்பதை வாங்கிய அன்றே சோதியுங்கள். ரௌட்டருக்கு வரும் இணைய வயரை மட்டும் கழற்றிவிட்டு ஆப்பில் விளக்கைப் போடுங்கள். எரிந்தால் உங்கள் விளக்கு வீட்டுக்குள்ளேயே பேசிக்கொள்கிறது. எரியாவிட்டால் ஒவ்வொரு தட்டலும் எங்கோ இருக்கும் சர்வருக்குப் போய்த் திரும்புகிறது என்று அர்த்தம். கடையிலேயே திருப்பிக் கொடுக்கக் காலம் இருக்கும்போதே இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

அணைத்த பிறகும் மினுக்கினால்

சுவிட்சை அணைத்த பிறகும் எல்.இ.டி. மங்கலாக எரிகிறது, அல்லது நொடிக்கொரு தரம் மினுக்குகிறது என்றால் பல்பை மாற்றிப் பயனில்லை. சுவிட்சில் சின்னச் சிவப்பு இண்டிகேட்டர் இருந்தால் அதன் வழியாகக் கசியும் சிறு மின்சாரமே எல்.இ.டி.க்குப் போதும். நியூட்ரல் இல்லாமல் வேலை செய்யும் ஸ்மார்ட் சுவிட்சுகளும் தங்கள் உயிருக்காகப் பல்பு வழியே கொஞ்சம் மின்சாரத்தை ஓடவிடுகின்றன. அந்தச் சுவிட்சோடு வரும் சிறு கப்பாசிட்டரை விளக்கு முனையில் இணைத்தால் நிற்கும். மூன்றாவது காரணம் கவலைக்குரியது. யாரோ ஃபேஸுக்குப் பதில் நியூட்ரலைச் சுவிட்சில் வெட்டியிருக்கலாம். சுவிட்ச் அணைந்த நிலையிலும் ஹோல்டர் முனையில் டெஸ்டர் நன்றாக எரிந்தால் அதுதான். அணைத்துவிட்டோம் என்று நம்பி பல்பு மாற்றப் போகிறவர் கையில் 230 வோல்ட் அடிக்கும். ஸ்மார்ட் வேலையை நிறுத்திவிட்டு முதலில் இதைச் சரிசெய்யுங்கள்.

ஆள் நடமாட்டமும் அந்தி நேரமும்

இரவில் கழிப்பறைக்கு எழும் பெரியவர்களுக்கு, கால் வைத்ததும் மங்கலாக எரியும் விளக்கைப்போல உதவியான ஏற்பாடு வேறில்லை. 2700 கெல்வின் மஞ்சள் ஒளி, பத்து சதவீத வெளிச்சம் போதும். 6500 கெல்வின் வெள்ளை ஒளி தூக்கத்தை விரட்டிவிடும். சாதாரண நடமாட்ட சென்சார், உடம்புச் சூட்டுக்கும் சுற்றியுள்ள சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் பார்க்கிறது. சித்திரை வெயிலில் சுவரே 36, 37 டிகிரியில் இருக்கும்போது அதற்கு மனிதரும் சுவரும் ஒன்றுபோலத் தெரியும். அதன் கண் மங்கும். கோளாறென்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நேர் எதிரே வருகிறவரைவிடக் குறுக்கே கடப்பவரை அது நன்றாகப் பார்க்கும், எனவே வழிக்குப் பக்கவாட்டில், முழங்கால் உயரத்தில் வையுங்கள். அசையாமல் உட்கார்ந்திருப்பவரையும் கண்டுபிடிக்கும் ரேடார் வகை சென்சார் இப்போது கிடைக்கிறது. ஆனால் சுழலும் ஃபேனையும் அது ஆளென்று எண்ணி விளக்கை அணைக்கவே விடாது. ஃபேன் அதன் பார்வையில் படாத மூலையாகப் பார்த்து வைக்க வேண்டும்.

வாசல் விளக்குக்கு மாலை ஆறு என்று நேரம் குறிக்காதீர்கள். சென்னையில் நவம்பரில் 5.40-ஐ ஒட்டி மறையும் சூரியன் ஜூலையில் 6.40-ஐ ஒட்டித்தான் மறைகிறது. ‘சூரியன் மறையும்போது’ என்ற தேர்வை வைத்து, ஊரைச் சரியாகக் குறித்தால் வருடம் முழுக்க விளக்கு வைக்கும் நேரத்துக்குத் தானே எரியும்.

விளக்குகள் இருபதுக்கு மேல் போனால் வைஃபையை விட்டு ஜிக்பீ என்ற வேறு ரேடியோ முறைக்கு மாறுவதைப் பற்றி யோசியுங்கள். அதற்குத் தனி ஹப் வேண்டும். ரௌட்டரின் சுமை குறையும், மின்னிணைப்பில் இருக்கும் ஒவ்வொரு பல்பும் சேதியை அடுத்ததற்குக் கடத்தும். இங்கேயும் சுவர் சுவிட்சுதான் பேச்சு: நடுவிலுள்ள ஒரு பல்பைச் சுவரில் அணைத்தால் அதற்கப்பால் உள்ள சென்சாரும் தடுமாறும். இரண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸிலேயே இருப்பதால் வைஃபையை 1-ஆம் சேனலிலும் ஜிக்பீயை 25-ஆம் சேனலிலும் வைத்தால் ஒன்றையொன்று மிதிக்காது.

எல்லாம் முடிந்ததும் ஒரு தாள் எழுதி மெயின் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். அடுத்து வரும் எலக்ட்ரீஷியனுக்கும், நீங்கள் ஊரில் இல்லாத நாளில் வீட்டில் இருப்பவருக்கும் அது வேண்டும். எங்கள் வீட்டுத் தாளில் இருப்பது:

ஹால் போர்டு: 4 சுவிட்ச் மாட்யூல், இன்வெர்ட்டர் ஃபேஸ், இன்வெர்ட்டர் நியூட்ரல். சமையலறை: 2 சுவிட்ச் மாட்யூல், சுவர் சுவிட்ச் எப்போதும் வேலை செய்யும். அம்மா அறை: சாதாரண பல்பு, மாட்யூல், இப்போது இன்வெர்ட்டரில். மாடிப்படி: மேல் பெட்டி, கீழ்ப் பெட்டி இரண்டிலும் நியூட்ரல் இல்லை, குழாய் அடைப்பு, பழைய டூ-வே அப்படியே இருக்கிறது, மாற்ற வேண்டாம்.